உன் அப்பாவின் கல்லில் விட்ட இடம்

மகனே,

இதை உன் பெரிய பெட்டியின் அடியில், அப்பாவின் ரெயில்வே கோட்டுக்குள் வைத்திருக்கிறேன். கொழும்பில் அந்தக் கோட்டை எவரும் தொடமாட்டார்கள், வேர்த்தே செத்துப்போவார்கள். கப்பல் தெற்கே போகப்போகக் குளிரும் என்று டொறீன் சொன்னாள். அப்போது நீ கோட்டை எடுப்பாய், இது கையில் தட்டுப்படும். தமிழில்தான் எழுதியிருக்கிறேன். உன்னை மடியில் இருத்தி, செபப் புத்தகத்தில் விரல் வைத்து நான் சொல்லித்தந்த எழுத்து. நீ போகிற நாட்டில் உன்னைத் தவிர இதை வாசிக்க ஆளில்லை, ஆகவே பயப்படாதே. உன் மனைவி டொறீன்கூடக் கோழி கிளறிய மண் என்றுதான் நினைப்பாள். வாசித்த பிறகு கடலில் போடுவதென்றால் போடு. வாசிக்காமல் போடாதே.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கல்லறையில் நீ செய்து வைத்திருப்பதை நான் பார்த்துவிட்டேன்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன். நீ பாதியை மறந்திருப்பாய், மற்றப் பாதியை உன் பெரியப்பா தன் வசதிக்கு மாற்றிச் சொல்லியிருப்பார். உன் அப்பா பறங்கி, ஒல்லாந்தன் வழி வந்த ஆட்கள். ரெயிலில் கார்ட் வேலை, வெள்ளை உடுப்பு, பச்சைக் கொடி. நான் கொட்டாஞ்சேனைத் தமிழச்சி. எங்கள் வீட்டுப் பெயர் போர்த்துக்கேயர் காலத்தில் ஞானஸ்நானத்தோடு வந்து ஒட்டிக்கொண்ட பெயர். ஆகையால் பேப்பரில் பார்த்தால் நான் வெள்ளைக்காரி, நேரில் பார்த்தால் கறுப்பி. அந்த மனுஷன் என் கோயிலுக்கு வந்து, என் வேதத்தில் சேர்ந்து, என்னைக் கட்டினார். அதற்காக அவருடைய அண்ணன், உன் பெரியப்பா, எங்கள் வெள்ளவத்தை வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. தம்பியின் சவம் போன நாளிலும் கனத்தை மயானத்து கேற்றுக்கு வெளியே தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன் அப்பா அதற்கெல்லாம் கலங்குகிற ஆளில்லை. எந்த ஸ்டேஷனில் எந்தத் துரை எதிரில் வந்தாலும் என் தோளில் கைவைத்து முன்னுக்குத் தள்ளி, "மை வைஃப்" என்பார். அப்படித் தள்ளுகிற கை இருந்தபடியால்தான் நான் அத்தனை வருஷமும் நிமிர்ந்து நடந்தேன்.

யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று எல்லோரும் கதைக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா எங்கள் ஒழுங்கையால் நடந்து வந்தார். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஹோலில் இருந்து உன்னிடம் சொன்னது ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "வெள்ளைக்காரன் போனாப் பிறகு எங்கட ஆக்களுக்கு இந்த நாட்டில என்ன மிஞ்சும், ரெஜி? சிங்களம் தெரியாது, காணி இல்லை. கதவு திறந்திருக்கேக்கை வெளிக்கிட வேணும்." அவுஸ்திரேலியாவுக்குப் போக வெள்ளை இரத்தம் என்று காட்டவேண்டுமாம். அதற்கு வம்சாவளி வேண்டுமாம், இங்கே முதல் வந்திறங்கிய ஒல்லாந்தனிலிருந்து ஆண்வழியாக உன் வரைக்கும், ஒவ்வொரு தலைமுறைக்கும் கல்லறைக் கல்லின் போட்டோவோடு. நீ "ஓம் அங்கிள், ஓம் அங்கிள்" என்றாய். பறங்கிக்கே இந்த நாட்டில் ஒன்றும் மிஞ்சாது என்றால் எனக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்துக்கொண்டே மீனைக் கழுவினேன். அதை அன்றைக்கு ஹோலில் யாரும் கதைக்கவில்லை. பெரியப்பாவுக்கு நான்தான் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். இவ்வளவு காலமும் என்னை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாத மனுஷன், அன்றைக்கும் கோப்பையைப் பார்த்து "தாங்க் யூ" என்றார்.

ஒல்லாந்தனைத் தேடி நாங்கள் போன நாள் உனக்கு நினைவிருக்கும். கொட்டாஞ்சேனைப் பக்கம் மேட்டில் நிற்கிற அந்தப் பழைய ஒல்லாந்தர் கோயில். வழி தெரிந்தவள் நான் என்பதால் என்னையும் கூட்டிப்போனாய். தேய்ந்த எழுத்துக்கு மா தேய்த்தால் தெளிவாகத் தெரியும் என்று பெரியப்பா சொல்ல, வீட்டிலிருந்து அரிசிமா கட்டிக்கொண்டு வந்தேன். உள்ளே நிலமெல்லாம் கல்லறை. உங்கள் இரண்டு பேருக்கும் பாய்கிற வேகத்தில் அது நினைவில் இல்லை. நான்தான் எவர் நெஞ்சில் மிதிக்கிறேனோ என்று கூசிக்கூசி நடந்தேன். சுவர் ஓரத்தில் அந்தக் கல் கிடந்தது. நீ முழங்காலில் இருந்து மாவைத் தேய்க்கத் தேய்க்க எழுத்து வெள்ளையாக எழும்பி வந்தது. பீட்டர் வன் டோர்ன். கொம்பனிப் பீரங்கிக்காரன். மேலே ஒரு கோபுரமும் இரண்டு மீனும் வெட்டின சின்னம். பெரியப்பா தொப்பியைக் கழற்றினார். அழுதார். நானும் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். என் புருஷனின் முகவாய் அந்த மனுஷனிடமிருந்துதானே வந்திருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு நீ கீழ்ப்பாதிக்கு வந்தாய். அங்கே எழுத்தில்லை. பள்ளம். ஒரு தட்டளவு இடத்தை உளியால் கொத்திக் கொத்தி எடுத்திருந்தார்கள். நீ போட்ட மா எல்லாம் அதற்குள் போய் நிரம்பியது.

"இதில என்ன இருந்தது?" என்று கேட்டேன்.

"மனுசியிட பேர் இருந்திருக்கும்," என்றார் பெரியப்பா, உன்னைப் பார்த்து.

"அப்ப எங்க?"

"ஆரோ எடுத்துப்போட்டாங்கள். நல்லதாப் போச்சு. பேர் இல்லாட்டிக் கேள்வி இல்லை."

நீ சிரித்தாய். "கெட்டிக்காரர்தான் எங்கட ஆக்கள்," என்றாய். சின்னச் சிரிப்புத்தான், கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கோயிலை அழுக்காக விட்டுப்போகக் கூடாதென்று நான் குனிந்து மாவைத் துடைத்தேன். எழுத்திலிருந்து மா வந்தது. பள்ளத்திலிருந்து வரவில்லை, உளிக்கொத்து ஒவ்வொன்றிலும் பிடித்துக்கொண்டு நின்றது. விரலால் தோண்டினேன். விறைத்துப்போனது விரல். அந்தக் கோயில் குளிர்ச்சிதான் என்று எனக்கு நானே சொன்னேன். திரும்பி வருகிறபோது ட்ராமில் நீயும் பெரியப்பாவும் ஒரு வாங்கில், நான் பின்னால். அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் தாய்மாருக்கு எப்போதும் ஏதாவது சரியில்லை என்றுதான் படும், அதனால் விட்டுவிட்டேன்.

உன் அப்பாவின் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஒரே கல். முதலில் போகிறவர் மேலே, மற்றவருக்குக் கீழே இடம் விட்டு வைப்பார்கள். அப்பா போனபோது அந்த வழக்கப்படி கல் செய்யச் சொன்னவள் நான்தான். கனத்தைக்குப் போகும்போதெல்லாம் அந்த வெறும் இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு வருவேன். பயமாக இருக்காது. நாங்கள் மாத்தறைக்குப் போகிறபோது உன் அப்பா சனத்துக்குள் முந்திப் பாய்ந்து, ஜன்னல் ஓரத்தில் கைலேஞ்சியைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பார். அந்த மாதிரி ஒரு இடம் எனக்கு இருக்கிறது என்று மனம் ஆறும். இதை உன்னிடமும் சொல்லியிருக்கிறேன். நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

மரித்த ஆத்துமாக்கள் திருநாளுக்கு வழக்கம்போலப் பூவும் மெழுகுதிரியும் கொண்டு போனேன். கனத்தை நிறையச் சனம், புகை, செபச் சத்தம். கல்லுக்கு முன்னால் குந்திப் பூவை வைக்கப்போனேன். வெறும் இடம் இல்லை. புதிதாக வெட்டின எழுத்து, கறுப்பு மை இன்னும் பளபளத்தது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும் என்பதை நீயும் பெரியப்பாவும் மறந்துவிட்டீர்கள். அவர் மனைவியும் இங்கே துயில்கிறாள் என்று போட்டு, என் பெயர். என் போர்த்துக்கேய வீட்டுப் பெயர், முழுசாக. அதற்குக் கீழே நான் செத்த திகதி. யுத்த காலத்து வருஷம் ஒன்று. அந்த வருஷம் நான் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்று, என் பங்கையும் உனக்குப் போட்டேன்.

பக்கத்துக் கல்லறைக்கு வந்த ஒரு மனுஷி எட்டிப் பார்த்தாள்.

"உங்கட ஆரு, அக்கா?"

"என்ர புருஷன்."

"கீழ கிடக்கிறது?"

"தெரிஞ்ச ஒருத்தி," என்றேன்.

"பாவம்," என்று சொல்லி, தன் கையிலிருந்த பூவில் இரண்டை எனக்காக அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். நீ கல்லில் எழுதியே காட்டிவிட்டாய், ராசா. கொண்டுபோன மெழுகுதிரி இரண்டையும் கொளுத்தினேன். ஒன்று அவருக்கு. மற்றது யாருக்கு என்று கேட்காதே.

ஏன் செய்தாய் என்று எனக்கு விளங்கியது. பதிவுக் கந்தோரில் என்னைச் சாகடிக்கப் போனால் டொக்டர், பதிவுகாரர் என்று ஆயிரம் சாட்சி கேட்பார்கள். கல்லிடம் யாரும் சாட்சி கேட்பதில்லை. பேப்பரில் வெள்ளைக்காரியாக இருக்கிற தாய், முகம் காட்டாமல் செத்தும் போயிருந்தால் அதைவிட வசதி வேறென்ன? போட்டோ எடுத்திருப்பாய். வம்சாவளியில் ஒட்டியிருப்பாய். அன்று பின்னேரம் நீ வந்தாய். நான் சோறு போட்டேன். இன்றைக்குச் சொல்வான், இப்போது சொல்வான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நீ சொதி நன்றாக இருக்கிறது என்றாய்.

அடுத்த நாள் கல் வெட்டினவரைத் தேடிப் போனேன். மயானத்துக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டிருக்கிற தமிழர். எந்தக் கல் என்று சொன்னதும் அவருக்கு நினைவு வந்தது. "துரை ஒராள் வந்து போட்டோவுக்கு வேணுமெண்டு அவசரப்படுத்தினவர். தாய் செத்துக் கனகாலமாம்." அந்தத் தாய் நான்தான் என்றேன். மனுஷன் உளியைக் கீழே வைத்துவிட்டு என் காலைப் பார்த்தார், நிலத்தில் முட்டுகிறதா என்று. சிரிப்பாக இருந்தது எனக்கு, அந்த நிலைமையிலும்.

"எழுத்தை எடுக்க ஏலுமோ?" என்று கேட்டேன்.

"வெட்டினதை நிரப்ப ஏலாது, அக்கா. அந்த ஆழத்துக்குச் சுத்திவரச் செதுக்கி எடுக்கலாம். ஆனாப் பள்ளமாத்தான் கிடக்கும்."

என் விரல் பழையபடி விறைத்தது. "வேண்டாம்," என்றேன். "அப்பிடியே கிடக்கட்டும்."

பிறகு அந்தச் சனிக்கிழமை. அவுஸ்திரேலியாக்காரருக்காக விசாரிக்க வருகிற துரையை வீட்டுக்குத் தேத்தண்ணீருக்குக் கூப்பிட்டிருந்தீர்கள். "அம்மா, அண்டைக்கு மட்டும் ஹோலில இருக்காதிங்கோ," என்று நீ ஜன்னலைப் பார்த்துச் சொன்னாய். பெரியப்பா வந்து மிச்சத்தைச் சொன்னார், நான் ஆயாவாம். சரி என்றேன். பெரியப்பா முகத்துக்குப் பவுடர் போட்டு வந்திருந்தார். உனக்கே தெரியும், உன் பெரியப்பா என்னைவிட ஒரு பிடி கறுப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்க வெளிக்கிட்டவர் மாதிரி ஹோலின் இருட்டு மூலையில் போய் இருந்தார். நான் தட்டோடு வந்தேன். துரை நல்ல மனுஷன். கேக் துண்டை எடுத்துக்கொண்டு என்னிடமே கேட்டார், இந்த வீட்டில் எவ்வளவு காலம் என்று.

"இருபத்தாறு வருஷம், சேர்."

இந்தப் பையனை வளர்த்தது நீயா என்றார்.

"ஓம் சேர். பிறந்த நாளிலிருந்து."

நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறாய் என்றார். நீ உன் கோப்பையைக் கீழே வைத்தாய். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, மகனே, ஒவ்வொரு சொல்லும் சத்தியம். அந்த இடத்தில் நீ ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல், "அம்மா." நீ அதைச் சொன்னால் உன் பயணம் போய்விடும், டொறீன் அழுவாள், எல்லாம் பாழ். அதெல்லாம் தெரிந்துகொண்டும் நான் தட்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றேன். நீ சொல்லிவிடக் கூடாதே என்று ஒரு மனம், சொல்லமாட்டானா என்று ஒரு மனம். நீ சீனிப் போத்தலைத் துரைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தாய். நான் உள்ளே போனேன்.

முடிவு வந்தபோது உனக்கும் டொறீனுக்கும் ஓம், பெரியப்பாவுக்கு இல்லை. அதே ஒல்லாந்தன், அதே கோபுரமும் மீனும், அதே வம்சாவளி. அந்தத் துரை பேப்பரையும் பார்த்தார், பவுடர் படாத கழுத்தையும் பார்த்தார். உன்னை அதற்குள் நுழைத்துவிடத் தன் நேரமெல்லாம் செலவழித்த மனுஷன் வெளியே நின்றுவிட்டார். நீ பயண அலுவலில் ஓடித்திரிந்தாய், உனக்குத் தெரியாது, அவர் இப்போது பின்னேரங்களில் இங்கே வருகிறார். வந்து விறாந்தையில் இருந்து ரெயில் போவதைப் பார்ப்பார். நான் தேத்தண்ணீர் கொடுப்பேன். போன கிழமை என்னைத் "தங்கச்சி" என்று கூப்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தங்கச்சி, அந்தப் பள்ளத்தைச் செதுக்கினது வேற ஆருமில்லை. எங்கட ஆக்கள்தான். இங்கிலீஷ்காரன் வந்து பிடிச்ச காலம், உத்தியோகத்துக்காக. அப்பா எனக்குச் சொன்னவர். அந்த மனுசி இந்தியாக் கரையில இருந்து கப்பலில கொண்டுவந்த அடிமைப் பெட்டை. பீட்டர் அவவை விடுதலையாக்கி, ஞானஸ்நானம் குடுத்துக் கட்டினவர். அவவும் தமிழ்தான் கதைச்சவ."

"பேர் என்ன?" என்று கேட்டேன்.

"பேர் தெரியாது. அதைத்தானே செதுக்கினது."

அவர் முகத்தைப் பார்த்தேன். பவுடர் இல்லாத முகம். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கல்லிலிருந்து கொத்தி எடுத்தவள் அந்த நெற்றியிலும் மூக்கிலும் வந்து இருந்துகொண்டு என் தேத்தண்ணீரைக் குடித்தாள். உடனே உன்னைத்தான் நினைத்தேன்.

ஏனென்றால் டொறீனுக்கு இது நாலாம் மாதம். நான் சாபம் போடவில்லை, ராசா. தாய் வாயில் சாபம் வராது. நடக்கப்போவதைச் சொல்கிறேன். அந்தப் பிள்ளை உன் நிறத்தில் வரலாம், என் நிறத்திலும் வரலாம். அந்த நாட்டு ஆஸ்பத்திரியில், அந்த வெள்ளைத் துணிக்குள், என் முகம் உன்னைப் பார்த்துக் கண் திறந்தால் நீ என்ன செய்வாய்? டொறீனைச் சந்தேகமாகப் பார்ப்பாயா? பிள்ளைக்குத் தொப்பி போடுவாயா? நானும் குற்றமில்லாதவளல்ல. நீ பிறந்தபோது உன் நிறத்தைப் பார்த்து எனக்குத் தலைகால் தெரியவில்லை. குடை இல்லாமல் உன்னை முற்றத்தில்கூட விடமாட்டேன். கொட்டாஞ்சேனைக்குத் தூக்கிப்போய் வீடு வீடாகக் காட்டினேன், "வெள்ளைக்காரக் குட்டி" என்று அவர்கள் சொல்வதைக் கேட்கத்தான். நீ அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தாய். ஆகையால் உனக்கு ஒரு புத்தி சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்தப் பிள்ளைக்குக் குடை பிடிக்காதே. எந்த நிறத்தில் வந்தாலும் வெயிலில் விடு.

இன்னொன்றும் நீ அறிந்திருக்க வேண்டும். உன் கப்பல் வெளிக்கிடுகிற நாள் நான் துறைமுகத்துக்கு வருவேன், ஆயாவாகத்தான், சாமானோடு. கையசைப்பேன். கப்பல் மறைந்த பிறகு நேரே கனத்தைக்குப் போவேன். கல் வெட்டுகிறவர் உளியோடு வந்து நிற்பார். பெரியப்பாவும் வருகிறாராம், இந்த முறை கேற்றுக்கு உள்ளே. நீ வெட்டுவித்த ஒரு எழுத்தையும் தொடமாட்டோம். திகதிகூடப் பிழையாகவே கிடக்கட்டும். அதற்குக் கீழே கல்லில் இன்னும் கொஞ்ச இடம் இருக்கிறது. அதில் தமிழில் ஒரு வரி: ரெஜியின் அம்மா. எழுத்தை நன்றாக ஆழமாக வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

நீ பயப்படத் தேவையில்லை. உன் போட்டோ முன்னமே எடுத்தாயிற்று, அதில் அது இராது. ஆனால் உன் பேரனோ பேத்தியோ ஒருநாள் அந்த ஒல்லாந்தனைத் தேடிக்கொண்டு கொழும்புக்கு வரும். இந்த வம்சத்துக்குக் கல்லுத் தேடுகிற அந்த வருத்தம் விடாது. கோயிலில் பள்ளத்தைப் பார்க்கும், பிறகு கனத்தைக்கு வரும். குனிந்து மா தேய்க்கும். இங்கிலீஷை வாசித்துவிட்டு, கீழே என்ன எழுத்து இது என்று பக்கத்தில் நிற்கிற யாரையாவது கேட்கும். கேட்டால் சொல்லுவார்கள்.

பிள்ளை பிறந்ததும் எழுது. யாரைப் போல இருக்கிறது என்று மறைக்காமல் எழுது. செத்தவளுக்குக் கடிதம் போடுவதா என்று யோசிக்காதே. தபால்காரருக்கு என்னைத் தெரியும். விலாசம் அதேதான்.